சுகர் இருக்கு, விறைப்பு நிக்கல, யார்கிட்ட காட்டலாம்?

திருமங்கலத்தான்:
வயசு 44, சுகர் ரொம்ப வருசமா இருக்கு, இப்ப விறைப்பு பாதியிலயே போயிருது, வீட்டுல மூஞ்சி குடுத்துப் பேசவே கூச்சமா இருக்கு, லாட்ஜ் வைத்தியர்கிட்ட போலாமா இல்ல மெடிக்கல்ல நேரா மாத்திரை வாங்கிரவா?

வைகைக்கரை:
ரெண்டும் வேணாம்ணே. லேகியத்துல இதே இங்கிலீஸ் மாத்திரைய பொடிச்சு கலக்குற ஆளுக இருக்காய்ங்க. பெரியாஸ்பத்திரில யூராலஜி (சிறுநீர், ஆணுறுப்புக் கோளாறு பாக்குற பிரிவு) ஓபி இருக்கு, போங்க. சுகர், கொழுப்பு, பிரஷர் எல்லாம் பாப்பாங்க. நெஞ்சு ரத்தக்குழாய் அடைப்புக்கும் இது முன்கூட்டி வர்ற அறிகுறியா இருக்கலாம், அதனால இசிஜியும் கேளுங்க.

மாத்திரைக்கடை மாப்ள:
விறைப்பு மாத்திரைல சில்டெனாஃபில்னா சேர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், கறிச்சோறு வயிறுமுட்ட தின்னுட்டு போட்டா லேட்டாத்தான் கேக்கும். இன்னொரு மாத்திரை டாடலாஃபில், அதோட வேகம் 36 மணி நேரம் வரைக்கும் இருக்கும். ஆனா ஆசை வராம எதுவும் தானா எந்திரிக்காது, அதையும் சொல்லிர்றேன் 😄 நெஞ்சுவலிக்கு நாக்குக்கடில வைக்கிற சார்பிட்ரேட் எடுக்குறவங்க இந்த ரெண்டு மாத்திரையையும் தொடவே கூடாது, பிரஷர் படுபாதாளத்துக்கு இறங்கிரும்.

திருமங்கலத்தான்:
சார்பிட்ரேட்லாம் இல்லண்ணே. மாத்திரை கேக்கலன்னா?

வைகைக்கரை:
உறுப்புல மாட்டுற வேக்குவம் பம்பு, உறுப்புல போடுற ஊசி, கடைசியா உறுப்புக்குள்ள கருவி வைக்கிற இம்ப்ளான்ட் ஆபரேசன். மொதல்ல சுகர கொறைங்க, பீடி இருந்தா விட்ருங்க.