ரெமிங்டன் 700-க்குப் புதிய குழலைச் சிறிய லேத்தில் பொருத்த முடியுமா?

கேள்வி: கடைசல்பித்தன், டெக்சாஸ்

வணக்கம். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான ரெமிங்டன் 700 ரைஃபிள் ஒன்றை இலக்குப் பயிற்சிக்காக வைத்திருக்கிறேன். நெடுநாள் பயன்பாட்டில், தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்கு முன்னால் உள்ள தொண்டைப் பகுதி அரித்துப்போய்விட்டதால், குண்டுகள் முன்போல ஓரிடத்தில் விழுவதில்லை. 24 அங்குல நீளமுள்ள, சேம்பர் போடாத குழலை வாங்கி, மரையையும் சேம்பரையும் நானே வெட்டலாம் என்று எண்ணுகிறேன். என்னிடம் இருப்பது 7×14 மேசை லேத் (மையங்களுக்கு இடையே 14 அங்குலம்). அதில் மரை வெட்டிப் பழக்கமுண்டு. துணியலாமா, அல்லது துப்பாக்கிக் கம்மியரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: ஓய்வுபெற்ற டர்னர்

உங்கள் கைத்திறனைப் பற்றிப் பேசுவதற்கு முன் இயந்திரத்தின் அளவுகளைப் பார்த்துவிடுவோம். 700-இன் மரை 1 1/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 மரையும் கொண்டது. அதை வெட்டுவது பெரிய வித்தையன்று. குழலை எப்படிப் பிடிப்பது என்பதுதான் சிக்கல். கம்மியர்கள் குழலை ஹெட்ஸ்டாக்கில் (லேத்தின் தலைப்பகுதி) சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் துளைக்குள் நுழைத்து, இரு முனைகளிலும் டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவி) உள்துளையிலேயே வைத்து மையம் பார்ப்பார்கள். உங்கள் ஸ்பிண்டில் துளை ஏறத்தாழ 20 மி.மீ.; குழலின் அடிப்பகுதியோ 30 மி.மீ. அளவில் இருக்கும். நுழையாது.

குழலை நடுவில் தாங்கும் ஸ்டெடி ரெஸ்ட் வைத்துச் செய்யலாமே என்பீர்கள். அதற்கு முதலில் குழலை இரு மையங்களுக்கு இடையே நிறுத்தி, வெளிப்பரப்பை உள்துளைக்கு ஒத்ததாகக் கடைந்தாக வேண்டும். ஏனெனில் வெளிப்பரப்பும் உள்துளையும் ஒரே மையத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 14 அங்குலப் படுக்கையில் 24 அங்குலக் குழல் எங்கே கிடக்கும்? ஆகவே இரண்டு வழியும் உங்கள் லேத்தில் அடைபட்டிருக்கின்றன. சேம்பர் வெட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பதில்: ஹூஸ்டன்வாசி

மேலே சொன்னதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருத்தும் வேலையையே கைவிடத் தேவையில்லை. சேவேஜ் 110 ரைஃபிள் 1958 முதல் குழலை ஒரு நட்டால் பூட்டும் முறையில் வருகிறது. அதே முறையில், சேம்பரும் மரையும் ஆயத்தமாக வெட்டிய குழல்கள் 700-க்கும் கிடைக்கின்றன. இங்கே அவற்றை ரெமேஜ் என்பார்கள். அவற்றுக்கு லேத்தே வேண்டாம்.

வேண்டியது அளப்பதில் பொறுமை. ஹெட்ஸ்பேஸ் என்பது, .308 போன்ற தோட்டாக்களில், போல்ட்டின் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் தண்டு) முகத்திலிருந்து சேம்பரின் தோள்பட்டையில் குறித்த விட்டம் வரையுள்ள நீளம். இந்தத் தோட்டாவுக்குக் 'கோ' கேஜ் (போல்ட் இதன்மேல் மூடவேண்டும்) 1.630 அங்குலம், 'நோ-கோ' கேஜ் (இதன்மேல் மூடக்கூடாது) 1.634 அங்குலம். வித்தியாசம் 0.004 அங்குலந்தான், அங்குலத்துக்கு 16 மரை என்ற கணக்கில் குழலை 23 பாகை திருப்பினாலே அந்த இடைவெளி முழுவதும் கடந்துவிடும். இடைவெளி கூடிப்போனால் வெடிக்கும்போது தோட்டா உறை நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று முன்னால் அறுந்து, வாயு பின்னோக்கிப் பாயக்கூடும். 62,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை அனுமதிக்கப்பட்ட அழுத்தம் முகத்துக்கு அருகே இருப்பதை மறக்க வேண்டாம்.

அளக்கும்போது போல்ட்டிலிருந்து எஜெக்டரையும் (உறையை வெளியே தள்ளும் உறுப்பு) ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டும் ஊசி) தொகுதியையும் கழற்றிவிடுங்கள். அந்த ஸ்பிரிங்குகளின் உந்தல் இருந்தால், போல்ட் கேஜின் மேல் மூடுகிறதா, தடுக்கிறதா என்பது கைக்குத் தெரியாது. நட்டை இறுக்கியபின் மீண்டும் இரண்டு கேஜையும் வைத்துப் பாருங்கள். மரையில் உள்ள தளர்ச்சி இறுக்கத்தில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது அளவு சிறிது நகரும். ஆகவே இறுக்குவதற்கு முன் எடுத்த அளவை நம்பிச் சுடக்கூடாது.

கேள்வி: கோவைப்பட்டறை

எனக்கும் இதே ஆர்வம் உண்டு. இந்தியாவில் உரிமம் பெற்ற ரைஃபிளுக்கு இதைச் செய்துகொள்ளலாமா?

பதில்: ஓய்வுபெற்ற டர்னர்

கூடாது, தம்பி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைத் தயாரிப்பது, மாற்றுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்குத் தனி உரிமம் வேண்டும். வைத்திருப்பதற்கான உரிமம் அதற்குப் போதாது. உரிமம் பெற்ற கம்மியரிடம் கொடுங்கள். இங்கே நடக்கும் பேச்சு அமெரிக்காவில் சொந்த ரைஃபிளைப் பற்றியது; அங்கும் பிறருக்குத் தொழிலாகச் செய்தால் கூட்டரசு உரிமம் தேவை.

பதில்: கடைசல்பித்தன்

இருவருக்கும் நன்றி. ஆயத்தக் குழலையே வாங்குகிறேன். பழைய குழலை எப்படிக் கழற்றுவது? தொழிற்சாலையில் மிக இறுக்கமாகப் பூட்டியிருப்பார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பதில்: ஹூஸ்டன்வாசி

எல்லாவற்றிலும் அதுவே கடினமான கட்டம் என்பேன். சாதாரண வைஸில் குழலை இறுக்கி, ரிசீவரில் (குழல் திருகப்பட்டிருக்கும், போல்ட் உள்ளே ஓடும் உடற்பகுதி) ஸ்பானர் மாட்டித் திருகினால் ரிசீவர் முறுக்கிக்கொள்ளும். அது கெட்டால் ரைஃபிளே போயிற்று. குழலுக்கான வைஸும், ரிசீவரின் முன்வளையத்தைச் சுற்றிப் பற்றும் ஆக்‌ஷன் ரெஞ்சும் இருக்கவேண்டும். அவை வாங்க மனமில்லையெனில், கழற்றுவதற்கு மட்டும் கம்மியரிடம் கொடுங்கள். அந்த வேலைக்கு அதிகம் கேட்கமாட்டார்கள்.

உங்கள் லேத்துக்கும் இதில் வேலையுண்டு. குழல் வைஸின் தாடைகளுக்குள் வைக்கும் புஷ்ஷை அலுமினியத்தில், பழைய குழலின் சரிவுக்குச் சரியாகப் பொருந்துமாறு கடைந்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உட்பக்கம் குங்கிலியத்தூள் தூவி வையுங்கள். அந்தச் சரிவு ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் குழல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.