ராயபுரம் குடும்பக் குழு

கொருக்குப்பேட்டை சித்தி, காலை 6:40
ராத்திரி முழுக்க இவருக்கு வறட்டு இருமல். மூன்று நாளாக மழையில் நனைந்துகொண்டே வண்டியில் போய் வருகிறார். அக்கா, நீ போடும் கஷாயத்துக்கு என்னென்ன வேண்டும்?

பெரியம்மா, 6:52
காய்ச்சல் இருக்கிறதா?

கொருக்குப்பேட்டை சித்தி, 6:53
இல்லை. தொண்டைக் கரகரப்புதான்.

பெரியம்மா, 7:05
அப்படியென்றால் நிலவேம்பு வேண்டாம், அது காய்ச்சலுக்கு. சுக்கு, மிளகு, ஆடாதொடை இலை, துளசி, ஒரு துண்டு அதிமதுரம். சுக்கை அப்படியே தட்டிப் போட்டுவிடாதே. மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடு. சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்று அம்மா சொல்வாளே. இரண்டு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராக வற்ற வேண்டும். கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிடு. நுரை அடங்கி, நிறம் கருகருவென்று இறங்கி, சுக்குக் காரம் மூக்கில் ஏறும். அப்போது இறக்கி வடிகட்டு. காலையில் வைத்ததை ராத்திரிக்கு எடுத்து வைக்காதே.

அண்ணன், 7:11
இன்று பாரிமுனைப் பக்கம்தான் வேலை. ராசப்ப செட்டி தெருவில் வாங்கி வருகிறேன். பொடியா, இலையா?

பெரியம்மா, 7:12
இலையாக வாங்கு. பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

நான், 7:20
பெரியம்மா, சித்தப்பா பிரஷர் மாத்திரை போடுகிறார். அதிமதுரம் வேண்டாம். அதிலுள்ள கிளிசரைசின் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தங்க வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர் ஏறும். நீர் பிரிகிற மாத்திரையும் சேர்ந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

பெரியம்மா, 7:31
பாப்பா, உன் பெரியப்பாவுக்குத் தை மாதம் முழுக்க அதிமதுரம் போட்டுத்தானே கொடுத்தேன். கால் வீங்கியது, பிரஷர் இறங்கவே இல்லை. வேறென்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கஷாயத்தைச் சொல்லவே தோன்றவில்லை.

நான், 7:33
வீக்கம் அதனால்தான் என்று நாமே முடிவு செய்ய வேண்டாம் பெரியம்மா. ஆனால் அடுத்த முறை கட்டாயம் சொல்லுங்கள்.

அண்ணி, 7:40
எனக்கும் இரண்டு நாளாக இருமல். அதிமதுரம் இல்லாமல் வைத்தால் நானும் ஒரு வாய் குடிக்கலாமா?

நான், 7:41
வேண்டாம் அண்ணி! ஆடாதொடை கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். ஐந்தாம் மாதத்தில் விளையாட்டில்லை. நிலவேம்பும் கூடாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், இன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.

அண்ணி, 7:42
சரி. நல்லவேளை கேட்டேன்.

நான், 7:46
சித்தி, இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கஷாயத்தோடு நிற்காதீர்கள். சளிப் பரிசோதனை எடுத்துவிட வேண்டும்.

கொருக்குப்பேட்டை சித்தி, இரவு 8:15
குடித்துவிட்டார். அதிமதுரம் இல்லாததால் ஒரே கசப்பு, முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். இவருக்குச் சர்க்கரை இல்லை, நாளைக்குக் கொஞ்சம் பனங்கற்கண்டு போடலாமா?

பெரியம்மா, 8:20
போடு. நாளை காலை உன் மாமாவை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். மாத்திரைச் சீட்டோடு அந்த அதிமதுர டப்பாவையும் பையில் வைத்துவிட்டேன்.