டி-ஷர்ட் பிராண்டின் நிறுவனர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தபோது

நெல்லையப்பர் கோவிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளுள் ஒன்றில் ஆண்களுக்கான ஆயத்த ஆடைக் கடை நடத்தி வருகிறேன். ஆனித் தேரோட்டம் முடிந்து வியாபாரம் ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், நாங்கள் வாங்கி விற்கும் டி-ஷர்ட் பிராண்டு ஒன்றின் நிறுவனர் நேரில் வந்தார். தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்கச் சென்று, பனியன் கம்பெனியின் கட்டிங் மேசையில் தொழில் பழகியவர். புது ரகங்களைக் காட்டி ஆர்டர் கேட்பார் என்றிருந்தேன். அவரோ, "அண்ணாச்சி, திரும்பி வந்த சரக்கை எடுங்கள், முதலில் அதைப் பார்ப்போம்" என்றார்.

துவைத்த பின் திருப்பித் தரப்பட்ட ஒன்றை மேசைமேல் விரித்து, தோளிலிருந்து கீழ்வரை நீவி, பக்கத் தையல் வயிற்றுப் பக்கமாக மூன்று விரல் அகலம் திரும்பியிருந்ததைக் காட்டினார். வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஒற்றைப் புரி நூலால் பின்னப்படும் சிங்கிள் ஜெர்சித் துணியில், ஈரம் பட்டதும் நூலின் முறுக்கு தளரப் பார்ப்பதால் துணியே ஒருபக்கமாகச் சாய்கிறது என்றும், காம்பாக்டிங் (துணியை இயந்திரத்தில் நீளவாக்கில் நெருக்கி முன்கூட்டியே சுருங்க வைப்பது) செய்து, வெட்டுவதற்கு முன் துணியைப் பிரித்து ஆறப்போட்டால் அதைக் குறைக்கலாம் என்றும் விளக்கினார். அவசர ஆர்டரில் தம் ஆட்கள் ஆறப்போடாமல் வெட்டிவிட்டதை அவர் மறைக்கவில்லை. அந்த லாட் முழுவதையும் தம் செலவிலேயே திரும்ப எடுத்துக்கொண்டார். இத்தனை ஆண்டு வியாபாரத்தில் எனக்குப் பெரிதாகப்பட்டது இதுதான்.

காலர் வைத்த ரகத்துக்கு அவர் பிக்கே துணியைத்தான் நம்புகிறார். டென்னிஸ் வீரர் ரெனே லாகோஸ்ட், முழுக்கைச் சட்டை வழக்கத்தை விட்டு பிக்கே துணியில் அரைக்கைச் சட்டை தைத்து அணிந்ததையும், 1933இல் பின்னலாடை உற்பத்தியாளர் ஆந்த்ரே ஜிலியேருடன் சேர்ந்து அதையே தொழிலாக்கியதையும் இவர் சொல்லித்தான் அறிந்தேன். மேடும் பள்ளமுமான அந்தப் பின்னல் வியர்வையில் உடம்போடு ஒட்டாது. அக்னி நட்சத்திர நாட்களில் எங்கள் கடையில் அதிகம் நகர்வதும் அதுவே.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து வரும் நடுவயதுக்காரர்கள், பணமும் பஸ் டிக்கெட்டும் வைக்க நெஞ்சில் பாக்கெட் இல்லாத டி-ஷர்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். பாக்கெட் வைத்தால் துணி தொங்கித் தோற்றம் கெடும் என்பது அவர் வாதம். விடாமல் கேட்டதில், தீபாவளிச் சரக்கோடு பாக்கெட் வைத்த ரகம் ஒன்றையும் எங்கள் கடைக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.