விசைப்படகு இன்ஜின் பட்டறைகளில் டிப்ளமோ மாணவர்களுக்குப் பயிற்சி இடம் தேவை

எல்லோருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ மாணவர்கள் ஆறு பேருக்கு மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் மரைன் டீசல் பட்டறைகளில் இடம் தேடுகிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி இன்ஜின் பிரிப்பது அப்போதுதான். தாமதமாக வந்தால் பூட்டுகிற வேலையை மட்டும்தான் பார்க்க முடியும். உப்பு அடைத்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இன்ஜின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் பாகம்) குழாய், கரைந்து சில்லுப்போல் ஆன துத்தநாக ஆனோடு (மற்ற பாகங்கள் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் துண்டு), இதழ் கிழிந்த கடல்நீர் பம்ப் இம்பெல்லர், இதையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தால்தான் இன்ஜின் ஏன் சூடேறியது என்று புரியும். அதனால் தேர்வு முடிந்த கையோடு மே முதல் வாரமே சேர்த்துவிட வேண்டும்.

படகு இறங்கும் நாள்வரை அவர்களை வைத்துக்கொண்டால் பெரிய உதவி. கரையில் சரிபார்த்த ஷாஃப்ட் அலைன்மென்ட், அதாவது இன்ஜினும் புரொப்பல்லர் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பது, தண்ணீரில் மாறும். இரண்டையும் இணைக்கும் கப்ளிங் முகங்களின் இடைவெளியை ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடுகள்) வைத்து மறுபடி அளக்கணும். கல்லூரி லேபில் இதைக் காட்ட வழியே இல்லை.

ஒரு பட்டறைக்கு இருவர் போதும், கூடினால் ஸ்பேனர் பிடிக்க முறை வராது. பாதுகாப்புக் காலணி, விபத்துக் காப்பீடு எங்கள் பொறுப்பு. தினசரி வேலைக்குறிப்பில் மெக்கானிக் அண்ணன் கையெழுத்து மட்டும் வேண்டும்.

தெரிந்த பட்டறை இருந்தால் ஊர், பார்க்கும் இன்ஜின் வகை, எத்தனை பேரை எடுப்பார்கள் என்று கீழே எழுதுங்கள்.