கிரகோவாவை இப்படியா விட்டுவிட்டுப் போவது?

நல்லூர் வாசகி:
பிறவியிலேயே விசேஷ சக்தியுள்ள மியூட்டன்ட் ஆட்களைப் பற்றிய எக்ஸ்-மென் காமிக்ஸ் வாசிக்கிற எல்லாருக்கும் வணக்கம். 2019இல் எழுத்தாளர் ஜொனதன் ஹிக்மன் அவர்களுக்குக் கிரகோவாத் தீவை நாடாகத் தந்தபோது நான் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தேன். இதழ்கள் மாதக்கணக்கில் பிந்தித்தான் போனுக்கு வரும். வந்த அன்றிரவே ஒவ்வொரு கட்டமாகப் பெருப்பித்து வாசித்து முடிப்பேன். அதுவரை ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒளிந்து வாழ்ந்தவர்களுக்குச் சொந்த நாடு, சொந்த மொழி, சொந்த எழுத்து. தீவில் விளைந்த மருந்தை வைத்து உலகத்தோடு பேரம் பேசினார்கள். பழைய எதிரிகளான மக்னீற்றோவும், பள்ளிக்கூடத்தை நடத்திய பேராசிரியர் சேவியரும் ஒரே சபையில் இருந்தார்கள்.

2023இல் அந்த நாடு விழுந்தது. விழுந்ததில் எனக்குக் கோபமில்லை, அது நல்ல கதை. அதற்குப் பிறகு வந்ததுதான் பிரச்சினை. 2024 நடுப்பகுதியில் புதுத் தொடர்கள் தொடங்கின. சைக்ளொப்ஸின் அணி அலாஸ்காவில், மியூட்டன்ட்களை வேட்டையாடும் சென்டினல் ரோபோக்களைச் செய்த ஒரு பழைய தொழிற்சாலைக்குள். ரோக்கின் ஆட்கள் லூசியானாவில் ஒரு வீட்டில். உடனேயே புது எதிரி, புதுச் சண்டை. நாட்டை இழந்தவர்கள் இவ்வளவு கெதியாக வேலைக்குத் திரும்புவார்களா? அம்மா 1995 இடப்பெயர்வைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இன்றைக்கும் கிணற்றடியில் விட்டுவந்த செப்புக் குடத்தில்தான் வந்து நிற்பா. கிரகோவாவில் இருந்து வந்த ஒருவருக்கும் அப்படி ஒரு குடம் இல்லையா?

கதை போகிற பாதை உங்களுக்குச் சரியாகப் படுகிறதா?

கொக்குவில் அண்ணை:
தங்கச்சி, நான் மறுபக்கம். கிரகோவா முடிந்தது நல்லது. இந்த அணி துரத்தப்படும்போதுதான் கதை உயிரோடு இருக்கும். எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மொன்ட் 1975 தொடக்கம் 1991 வரை அதை வைத்துத்தான் எழுதினார். கிரகோவாவில் ஐந்து பேர் சேர்ந்து முட்டைக்குள் உடம்பை வளர்த்து, செத்தவரை எழுப்பி விடுவார்கள். வோல்வரின் சூரியனுக்குப் பக்கத்தில் எரிந்து போனார், அடுத்த இதழில் எழும்பி வந்தார். பேந்து வாசிக்கிறவனுக்கு என்ன பயம்? 1980இல் அணியில் இருந்த ஜீன் கிரே நிலவில் செத்தபோது அது சாவு.

நல்லூர் வாசகி:
அண்ணை, அந்த ஜீனையே 1986இல் திருப்பிக் கொண்டுவந்தார்களே. செத்தது ஜீன் இல்லையாம், ஜீனின் உருவெடுத்த பீனிக்ஸ் என்ற விண்வெளிச் சக்தியாம், உண்மையான ஜீன் தண்ணீருக்கடியில் ஒரு கூட்டுக்குள் கிடந்தாவாம். சாவின் பெறுமதி அன்றைக்கே போய்விட்டது. ஹிக்மன் அதை ஒளிக்காமல் வைத்தார்: யாரை எழுப்பலாம், யாரை எழுப்பக் கூடாது என்று விதி, காத்திருக்கிறவர்களுக்கு வரிசை. தனி ஆள் சாவதில் இருந்த பயம் தீவு போய்விடுமோ என்ற பயமாக மாறியது. எனக்கு அது கூடின பயம்.

தெல்லிப்பளையான்:
பிள்ளை, ரோக்கின் தொடரை இன்னொருக்கால் வடிவாக வாசியுங்கோ. சேவியரின் பழைய பள்ளிக்கூடம் இப்ப கிறேமல்கின் என்ற சிறைச்சாலை. அங்கே படித்தவர்களின் இனத்தையே அந்தக் கட்டடத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். எங்கட வீடு கனகாலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, எங்கட தென்னை அதுதான் என்று அப்பா காட்டுவார். கூரை தெரியாது, தென்னையின் தலை மட்டும் தெரியும். அந்தத் தொடரை எழுதுகிற கெயில் சிமோன் ஒருவரையும் உட்கார வைத்து அழவிடவில்லை. அந்தக் கட்டடத்தைக் காட்டினா. எனக்கு அது போதும்.

பலாலி வீதி:
சுவருக்குள்ளால் நடந்து போகக்கூடிய கிட்டி பிரைட் வருகிற சிகாகோத் தொடரை ஒருவரும் சொல்லவில்லையே. ஈவ் யூயிங் எழுதியது. கிரகோவாவுக்குப் போகிற வாசல்கள் தொடக்கத்தில் கிட்டியை உள்ளே விடவில்லை, முட்டி மூக்குடைந்ததுதான் மிச்சம். அப்படிப்பட்டவர் அந்தத் தீவுக்காகச் சண்டைபிடித்து, ஆட்களைக் கொன்று, எல்லாம் முடிந்தபின் ஊருக்கு வந்து ஒரு பாரில் வேலை செய்கிறார். இனி இந்த வாழ்க்கையே வேண்டாம் என்றிருக்கிறவரிடம் புதுப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். அக்கா தேடுகிற கதை இதுதான்.

நல்லூர் வாசகி:
தெல்லிப்பளை அண்ணை சொன்ன சிறைச்சாலை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். கிட்டியின் தொடரும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது பக்கத்தில் ஓடின சின்னத் தொடர். ஜெட் மக்கே எழுதுகிற, சைக்ளொப்ஸின் அணி வருகிற பிரதான தொடர்தான் இதைச் சுமந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. 2024 ஜூனில் வந்த 700ஆவது இதழை நினைத்துப் பாருங்கள். தீவோடு வேறு உலகத்தில் அகப்பட்ட மக்களுக்கு அங்கே பதினைந்து வருடம் கழிந்திருந்தது. அங்கேயே ஊரைக் கட்டிவிட்டார்கள். பூமிக்கு வந்து பார்த்துவிட்டு, இங்கே எங்களுக்கு இடமில்லை என்று திரும்பிப் போனார்கள். இங்கே நின்றவர்கள் நின்றார்கள். ஒரு குடும்பத்தில் ஆர் போவது, ஆர் நிற்பது என்று எப்படி முடிவெடுத்தார்கள்? அதை ஒரே இதழோடு முடித்துவிட்டார்கள். புதுப் புது வில்லன்களை விட்டுவிட்டு அந்த மக்களுக்கு ஒரு தொடர் கொடுக்கட்டும், நான் முதல் ஆளாக வாசிப்பேன்.