சாஃப்ட்னர் தண்ணீரில் உப்பு ஏறுகிறதா, இல்லையா?

ஊற்றுக்கண்:
வீட்டுக்குச் சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் கருவி) வைக்கலாமா, வெறும் பில்டர் போதுமா என்று இந்த இழையில் புதுவீடு என்ற பெயரில் எழுதுபவர் கேட்டிருந்ததற்கு, "சாஃப்ட்னரில் போடும் உப்பு ரெசினைக் கழுவிவிட்டுச் சாக்கடைக்குப் போய்விடும், வீட்டுத் தண்ணீரில் ஒரு கல் உப்புகூடச் சேராது" என்று கலயம் பதில் எழுதியிருக்கிறார். நான்கு பேர் அதற்கு நன்றியும் சொல்லியிருக்கிறார்கள். தவறான செய்தி நன்றியோடு பரவுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் என்ற பிளாஸ்டிக் மணிகள், தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் இலவசமாகப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஒரு கால்சியம் அயனியைப் பிடித்தால், அதற்கு ஈடாக, உப்பிலிருந்து ஏற்றி வைத்திருக்கும் இரண்டு சோடியம் அயனிகளைத் தண்ணீரில் விட்டாக வேண்டும். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீர் முழுவதும் மென்மையாகும்போது, லிட்டருக்கு ஏறக்குறைய 138 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது. இது ஒரு கல் உப்புகூட இல்லையா?

கலயம்:
எட்டு ஆண்டுகளாகச் சாஃப்ட்னரை என் கையாலேயே பராமரித்து வருகிறேன். உப்புக் கரைசல் ரெசின் தொட்டிக்குள் ஏறுவதையும், பிறகு நல்ல தண்ணீர் அதை அலசி வெளியேற்றுவதையும் மாதந்தோறும் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். வடிகுழாயிலிருந்து வரும் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தால் முதலில் கடுமையாகக் கரிக்கும். அலசி முடியும் நேரத்தில் கரிப்பு அறவே நின்றுவிடும். அதன் பிறகுதான் வால்வு வீட்டுக் குழாயின் பக்கம் திரும்புகிறது. என் வீட்டுத் தண்ணீர் ஒரு நாளும் கரித்ததில்லை. ஆகவே ஒரு கல் உப்புகூடச் சேராது என்று நான் எழுதியது எழுதியபடியே நிற்கும்.

ஊற்றுக்கண்:
தண்ணீரில் சோடியம் லிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராமை எட்டும்போதுதான் சராசரி நாக்குக்குச் சுவை தெரியும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி சொல்கிறது. நான் சொன்ன 138 அதற்குக் கீழே இருக்கிறது. கரிக்கவில்லை என்பதால் சோடியம் இல்லை என்று ஆகிவிடாது. தாங்கள் அலசி வெளியேற்றுவது மிஞ்சிய உப்புக் கரைசலை மட்டுமே. ரெசின் மணிகளில் ஏறி அமர்ந்த சோடியத்தை எந்த அலசலும் இறக்காது. அதை இறக்குவது அடுத்து வரும் கடின நீர்தான், இறங்கும் இடம் தங்கள் வீட்டுக் குழாய்தான்.

நீர்ச்சாலை:
இருவரும் "உப்பு" என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது. நம் பேச்சில் கடின நீரையே உப்புத் தண்ணீர் என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. வேதியியலிலோ கால்சியம் பைகார்பனேட்டும் ஓர் உப்புதான். சமையலுப்பு என்பது சோடியம் குளோரைடு. ஒழுங்காக அலசப்பட்ட சாஃப்ட்னரில் குளோரைடு கூடுவதில்லை, சோடியம் மட்டுமே கூடுகிறது. இதை ஒத்துக்கொண்டால் சண்டைக்கே இடமில்லை.

கலயம்:
நீர்ச்சாலையே சொல்லிவிட்டார், குளோரைடு கூடுவதில்லை என்று. குளோரைடு இல்லாமல் சமையலுப்பு எங்கிருந்து வரும்? ஒரு கல் உப்புகூடச் சேராது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஊற்றுக்கண்:
நீர்ச்சாலை எழுதிய வாக்கியத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். "சோடியம் மட்டுமே கூடுகிறது" என்ற மீதிப் பாதியையும் படியுங்கள். இது தங்களுக்குப் புதிதல்ல. சென்ற ஆண்டு, குழாயின் மேல் காந்தம் கட்டினாலே சுண்ணாம்பு படியாது என்று இதே உறுதியோடு எழுதினீர்கள். காந்தம் கால்சியத்தை எடுப்பதில்லை, வீட்டளவில் அது பயன்படும் என்பதற்கு நம்பகமான சான்றும் இல்லை என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். அதை நம்பி ஒருவர் காந்தம் வாங்கினார். ஏழு மாதத்தில் அவருடைய கீசர் சூடாக மறுத்தது. கழற்றியபோது நான் உடனிருந்தேன். வெப்பச் சுருளின் மேல் விரல் கனத்துக்கு முட்டை ஓடு போன்ற வெள்ளைப் படிவு. ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் வில்லை வில்லையாக உதிர்ந்தது. வினிகரில் போட்டால் சீறி நுரைத்தது. அந்த மனிதரிடம் தாங்கள் இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

கலயம்:
காந்தத்தை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? பேச்சு சாஃப்ட்னரைப் பற்றியது. அந்தக் கீசர் ஏற்கெனவே பழையது என்பதை நான் அப்போதே சொன்னேன். அடுத்தவர் வீட்டுக் கீசரை நினைவு வைத்திருக்கும் தாங்கள், தங்கள் ஆர்.ஓ. இயந்திரம் (சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்திச் சுத்திகரிப்பது) ஒரு லிட்டர் தருவதற்குள் எத்தனை லிட்டரை வெளியே தள்ளுகிறது என்பதை ஒரு முறையாவது எழுதியிருக்கிறீர்களா?

புதுவீடு:
கேள்வி கேட்டவன் நான்தான் என்பதால் குறுக்கிடுகிறேன். எங்கள் தண்ணீரின் கடினத்தன்மை 340, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் திடப்பொருட்களின் மொத்த அளவு) 620. சோப்பு நுரைப்பதில்லை, திரிந்த பால் போல வாளியில் மிதக்கிறது. ஷவரின் துளைகளில் பாதி அடைத்துக்கொண்டன. விற்க வந்தவர் சாஃப்ட்னர் வைத்தால் டி.டி.எஸ். பாதியாகிவிடும் என்கிறார். வீட்டில் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. வைக்கலாமா, கூடாதா?

ஊற்றுக்கண்:
விற்க வந்தவர் சொன்னது பொய். சாஃப்ட்னர் டி.டி.எஸ்ஸைக் குறைக்காது. 300 கடினத்தன்மைக் கணக்கில் 120 மில்லிகிராம் கால்சியம் போய் 138 மில்லிகிராம் சோடியம் வருகிறது; எடை சற்றே கூடத்தான் செய்யும். டி.டி.எஸ். மீட்டர் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவைப் பார்த்துக் கணக்கிடுகிறதே தவிர, கரைந்திருப்பது கால்சியமா சோடியமா என்று பிரித்துச் சொல்லாது. கார்பன் பில்டர் குளோரின் வாடையை எடுக்கும், கடினத்தன்மையைத் தொடாது. கிருமிக்குச் சாஃப்ட்னர் ஒன்றும் செய்யாது. ஆர்.ஓ. மட்டுமே எல்லாவற்றையும் பெருமளவு குறைக்கும், ஆனால் வீடு முழுவதற்கும் அது கட்டுப்படியாகாது. தங்கள் தாயாருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் அந்த வீட்டில் சாஃப்ட்னர் வைக்கவே கூடாது. கலயம் சொன்ன "ஒரு கல் உப்புகூட" என்ற சொல்லை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கலயம்:
வைக்கவே கூடாதா? தாங்கள் கொடுத்த எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் 276 மில்லிகிராம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இது அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மேலும் சமையலறைக் குடிநீர்க் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்பே தனியாகப் பிரித்துவிடுவது ப்ளம்பர்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை. குளியலறைக்கும் கீசருக்கும் மென்னீர், குடிக்கச் சாஃப்ட்னருக்குள் போகாத தண்ணீர். சாஃப்ட்னர் வைத்த பின் என் வீட்டில் சோப்புச் செலவு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. குளித்து முடித்த பிறகும் சோப்பு போகாதது போன்ற வழுவழுப்பு இரண்டு வாரம் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

ஊற்றுக்கண்:
அனைவரும் கவனியுங்கள். 276 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறவர், தண்ணீரில் சோடியம் சேர்கிறது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டார். சேராத பொருளை எப்படி இரண்டால் பெருக்கினீர்கள்? 340 கடினத்தன்மைக்கு அது லிட்டருக்கு 156 மில்லிகிராம். இரண்டு லிட்டருக்கு 312. நோயாளிக்கு ஏழில் ஒரு பங்கு அற்பமா என்பதை மருத்துவர் சொல்லட்டும், தாங்கள் சொல்ல வேண்டாம்.

கலயம்:
தங்கள் எண்ணை எடுத்துத் தங்களுக்கே பதில் சொன்னேன், அது ஒப்புக்கொள்வதாகாது. சமையலறைக் குழாயைப் பிரித்துவிட்டால் குடிக்கும் தண்ணீரில் ஒரு கல் உப்புகூடச் சேராது.

ஊற்றுக்கண்:
முதலில் எழுதியது "வீட்டுத் தண்ணீரில்". இப்போது அது "குடிக்கும் தண்ணீரில்" என்று மாறிவிட்டது. வரியை மாற்றிக்கொண்டே போனால் யாரும் தங்களைப் பிடிக்க முடியாது.

நீர்ச்சாலை:
புதுவீடு அவர்களுக்கு ஒன்று. தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள்; இரும்பு ரெசினைக் கெடுத்துவிடும். சோடியம் கவலையாக இருந்தால் பொட்டாசியம் குளோரைடு போடலாம், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதற்கும் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆர்.ஓ. வைப்பதாக இருந்தால், சாஃப்ட்னரைத் தாண்டி வரும் தண்ணீரை அதற்குக் கொடுப்பது நல்லது. ஆர்.ஓ.வின் மெம்பிரேனில் (சவ்வில்) சுண்ணாம்பு படியாது, ஏறிய சோடியத்தின் பெரும்பகுதியையும் ஆர்.ஓ.வே எடுத்துவிடும்.

கலயம்:
ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீரைப் பற்றி இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஊற்றுக்கண்:
தங்கள் சாஃப்ட்னர் ஒவ்வொரு முறையும் வெளியேற்றும் உப்புக் கரைசல் எங்கே போகிறது என்று தாங்களும்தான் சொல்லவில்லை. சோடியம் மிகுந்த தண்ணீர் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து இறுகச் செய்துவிடும். தங்கள் வடிகுழாய் தோட்டத்துப் பக்கம் திறந்திருப்பதாகத் தாங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள். அது இருக்கட்டும். சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு புட்டி தண்ணீர் பிடித்து, ஆய்வகத்தில் சோடியத்தை மட்டும் அளந்து, இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள்.

கலயம்:
புட்டிகளைத் திங்கட்கிழமை அனுப்புகிறேன். ஆனால் அளக்கச் சொல்லப்போவது குளோரைடை. உப்பு சேர்கிறதா என்பதுதான் கேள்வி, சோடியம் சேர்கிறதா என்பதல்ல.

ஊற்றுக்கண்:
குளோரைடு மாறாது என்பதை நீர்ச்சாலை முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார். மாறாததை அளந்து வந்து வெற்றி என்று அறிவிக்கப் போகிறீர்கள். சோடியத்தை அளக்கும் வரை நான் இந்த இழையை விட்டுப் போவதாக இல்லை.

புதுவீடு:
ப்ளம்பர் நாளைக் காலை வருகிறார். சமையலறைக் குழாயைப் பிரிக்கச் சொல்லவா, வேண்டாமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.