மூன்று ஆண்டுகள் சும்மா கிடந்த படகு மோட்டார்: கார்புரேட்டர் கழற்றிய அனுபவம்

காட்பாடியிலிருந்து:

பம்புசெட்டும் இரு சக்கர வண்டியும் பழுது பார்க்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். பாலாற்றில் தண்ணீரைவிட மணலையே அதிகம் பார்த்து வளர்ந்தவன் என்பதால், படகு மோட்டார் என் கைக்கு வரும் என்று நினைத்ததில்லை. 2021 நவம்பரில் அந்த ஆறு இரு கரையையும் தொட்டு ஓடியபோது, எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் காசு சேர்த்து ஒரு ரப்பர் படகையும், சென்னையில் பழையதாகக் கிடைத்த 40 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரையும் வாங்கினார்கள். வெள்ளம் வடிந்ததும் மோட்டார் தகரக் கொட்டகைக்குள் போய்விட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, மழைக்காலத்துக்கு முன் ஓட்டிப் பார்க்கலாம் என்று கயிற்றை இழுத்தபோது அது கிளம்பவில்லை. “டிவிஎஸ் ஃபிஃப்டி கார்புரேட்டர் மாதிரிதானேண்ணா, கொஞ்சம் ஊதிக் குடுங்க” என்று சொல்லிப் பட்டறையில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

மாதிரிதான், ஆனால் மூன்று இருந்தன. பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டர் சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று, உள்ளே போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் அவற்றின் த்ராட்டில் தகடுகளை ஒன்றாக அசைக்கும் ஓர் இணைப்புக் கம்பி. முதல் நாள் நான் செய்தது அரை வேலை என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். கார்புரேட்டர்களை இஞ்சினிலிருந்து எடுக்காமலேயே அடிக் கிண்ணங்களை மட்டும் இறக்கி, மெயின் ஜெட்டுகளை, அதாவது வேகமாக ஓடும்போது பெட்ரோல் போகும் துளைத் துண்டுகளை, ஊதிவிட்டு, புதிய பெட்ரோல் கலவையை ஊற்றி இழுத்தேன். சோக் போட்டால் கிளம்பியது, வேகம் கூட்டினால் நன்றாகவே முழங்கியது, வேகத்தைக் குறைத்ததும் இருமிவிட்டு நின்றது. பையன்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. எனக்கு மனம் ஒப்பாமல் மூன்று பிளக்குகளையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்துப் பார்த்தேன். கீழ் இரண்டும் எண்ணெய் ஈரத்தோடு காப்பித்தூள் நிறத்தில் இருக்க, மேல் சிலிண்டரின் பிளக் மட்டும் சுண்ணாம்பு பட்டதுபோல் வெளுத்துக் காய்ந்திருந்தது. அந்தச் சிலிண்டருக்குக் கலவை போதவில்லை என்பதற்கு அது அடையாளம்.

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் பழகிய நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் எண்ணெய் தனியே அடித்தொட்டியில் கிடக்கும். இந்த மோட்டாரிலோ எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. ஆகவே ஒரு ஜெட் அடைத்துக்கொண்டால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் மட்டுமல்லாமல் எண்ணெயும் குறைந்துபோகிறது. மற்ற இரண்டு சிலிண்டர்களும் இழுத்துக்கொண்டு போவதால் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. சூடேறிய பிஸ்டன் சிலிண்டர் சுவரைக் கவ்விப் பிடிக்கும்போதுதான் தெரியும். அது ஆற்று நடுவில், படகில் ஆட்கள் இருக்கும்போது நடக்கும்.

மறுநாள் முழுவதுமாகக் கழற்றினேன். இணைப்புக் கம்பியைக் கைப்பேசியில் நான்கைந்து கோணங்களில் படம் எடுத்து, கார்புரேட்டர்களுக்கு 1, 2, 3 என்று பெயிண்டால் எண் போட்டேன். சில மோட்டார்களில் ஜெட் அளவே ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால் பாகங்களையும் மூன்று தனித்தனி டப்பாக்களில் வைத்தேன். ஜப்பான் மோட்டார்களின் திருகுத் தலையில் நம் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் சரியாக உட்காராது. அவசரப்பட்டால் தலை மழுங்கிவிடும். சரியான முனையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினால் வந்துவிடுகிறது.

மேல் கிண்ணத்தில் பச்சை படர்ந்த பிசின் உறைந்திருந்தது. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போன்ற வாடை. கீழ்க் கிண்ணத்தில் நீர்த்துளிகளும், அலுமினியம் அரித்த வெள்ளைப் பொடியும் கிடந்தன. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் உள்ள எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். எங்கள் ஊர் வெயிலில், தகரக் கூரைக்கடியில், மற்றது ஆவியாகி எண்ணெயும் பிசினும் மிஞ்சுகின்றன. கடலில் நாள்தோறும் ஓடும் மோட்டார்கூட இவ்வளவு சீரழிந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

குறைந்த வேகத்தில் ஓடும்போது பெட்ரோல் போகும் பைலட் ஜெட்தான் குற்றவாளி. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய அந்தப் பித்தளைத் துண்டை வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுதான் தெரிந்தது. இரவு முழுவதும் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காலையில் பழைய மின்கம்பியிலிருந்து ஒற்றைச் செம்பு இழையைப் பிரித்து மெல்ல நுழைத்து, கம்ப்ரசர் காற்றை அடித்துவிட்டு மீண்டும் பிடித்தபோது, கடுகில் பாதிகூட இல்லாத ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தது. இரும்புக் கம்பியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். எனக்கு முன்னால் யாரோ அப்படிக் குத்தி நடுக் கார்புரேட்டரின் ஜெட் துளையைக் கீறி வைத்திருந்ததால், அதே எண் பொறித்த புதிய ஜெட்டைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று.

குறைந்த வேகக் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அது மெதுவாக அடியில் உட்காரும் வரை எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கு எழுதினேன், ஒன்றரைச் சுற்று வந்தது. மேலதற்கு எழுத மறந்தேன். பிறகு கால் கால் சுற்றாகத் திருப்பி ஓட்டம் பார்த்ததில் அரை நாள் வீணானது. ஸ்பிரே அடிக்கும்போது ரப்பர் வளையங்களை முன்பே எடுத்துவிடுங்கள், கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். பைலட் வழியில் அடித்த மருந்து த்ராட்டில் தகட்டின் அருகேயுள்ள நுண்துளைகள் ஒவ்வொன்றிலும் பீச்ச வேண்டும். பீச்சியதில் ஒன்று நேராக என் கண்ணுக்கு வந்தது.

ஃபுளோட் (கிண்ணத்துப் பெட்ரோலில் மிதக்கும் மிதவை) உயரம், அது திறந்து மூடும் ஊசி வால்வு, புதிய பேக்கிங் ஆகியவை எல்லாக் கார்புரேட்டருக்கும் பொதுவானவை. மூன்று த்ராட்டில் தகடுகளும் ஒரே நேரத்தில் மூடுகின்றனவா என்பதை மட்டும், இணைப்புத் திருகுகளைத் தளர்த்தி, தகடுகளை முழுவதும் மூடவிட்டு, மீண்டும் இறுக்கிச் சரிபார்த்தேன். வாய் வெட்டிய பெரிய பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, கியர் போடாமல் ஓட்டினேன். இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பக்கவாட்டில் சிறு தாரையாகப் பீச்ச வேண்டும். “தண்ணி வரலைண்ணா” என்று உதவிப் பையன் கத்தியதும் அணைத்தேன். வெளிவாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. தண்ணீரின்றி ஓடினால், அந்தத் தண்ணீரை ஏற்றும் பம்பின் இம்பெல்லர் ரப்பர் சீக்கிரமே கெட்டுவிடும்.

குடியாத்தத்திலிருந்து:

உங்கள் பதிவைப் படித்ததும் என் அறிவீனம் நினைவுக்கு வந்தது. மோர்தானா அணை நிறைந்திருந்த ஓர் ஆண்டில் அளவெடுக்கும் வேலைக்காக ரப்பர் படகில் போனோம். பத்து நிமிடம் ஓடி மோட்டார் நின்றது, சற்றுப் பொறுத்து இழுத்தால் கிளம்பியது, மறுபடியும் நின்றது. கார்புரேட்டர் அடைப்பு என்று முடிவு செய்து, கரைக்குத் துடுப்புப் போட்டு வந்து, தார்ப்பாயில் எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பினேன். கார்புரேட்டர் கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. பெட்ரோல் டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்கவே இல்லை, அதனால் காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வரவில்லை என்பதை உடன் வந்த ஓட்டுநர்தான் கண்டுபிடித்தார். பெட்ரோலை ஏற்றுவதற்குக் குழாயில் கையால் அமுக்கும் ரப்பர் குமிழ் சப்பையாக ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அரக்கோணத்திலிருந்து:

மீட்புப் படகுகளோடு பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிடுவதே பலரின் வழக்கம். குறைந்த வேகத்தில் செய்தால் அதில் கெடுதல் இல்லை. ஆனால் இஞ்சின் நின்ற பிறகும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தங்கியே இருக்கும். ஒவ்வொரு கிண்ணத்தின் வடிதிருகையும் திறந்து சொட்டவிட வேண்டும். மாதம் ஒரு முறை பீப்பாயில் ஓட்டுவதற்கு ஆள் இருந்தால் அது இதைவிட நல்லது.

காட்பாடியிலிருந்து:

ஐயா சொன்னபடியே போன ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். தானாக நின்ற பிறகும் மூன்று கிண்ணங்களிலிருந்தும் சேர்த்து ஒரு டீ கிளாஸின் அடி மறையும் அளவுக்குக் கலவை வடிந்தது. திருகைத் திறக்கும் முறையைப் பையன்களுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு, அந்தத் திருகுக்குப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரைக் கொட்டகைச் சுவரிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு வந்திருக்கிறேன்.